கடல் பொதுவு, மாடி என்னுது

அம்புரோஸின் வலது முன்கைக்குள் இப்போது ஒரு இரும்புத் தகடும் ஆறு திருகுகளும் இருக்கின்றன. முன்பற்களில் மூன்று கட்டியவை. இடது பக்கம் நின்று பேசினால் இரண்டாவது தடவையும் சொல்ல வேண்டும். இத்தனையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை, பத்து நிமிஷத்துக்குள் அவருக்குக் கிடைத்தவை. அவர் செய்தது என்ன என்று கேட்டால், காத்தாடியில் கேமரா கட்டிக் கடலைப் படம் பிடித்தார்.

ராயபுரம் கல்மண்டபம் பக்கம் அம்புரோஸ் என்ற பெயரில் மூன்று நான்கு பேர் இருக்கிறார்கள். க்ரேன் அம்புரோஸ் என்று கேட்டால்தான் சரியான வீட்டைக் காட்டுவார்கள். வயது ஐம்பத்திரண்டு. கொஞ்சம் தொப்பை, ஞாயிறு தவறாத பூசை, வாயைத் திறந்தால் சட்டம் பேசுகிற குணம். பஸ்ஸில் சில்லறை வராவிட்டால்கூட டிக்கெட்டுக்குப் பின்னால் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவார். "இந்த ஆளு வக்கீலுக்குப் படிச்சிருந்தா நம்ம தெருவுல பாதிப் பேரு உள்ளதான் இருந்திருப்பான்" என்பது அவர் மனைவி எல்சி அடிக்கடி சொல்வது.

இருபத்திரண்டு வருஷம் துறைமுகத்தில் க்ரேன் ஓட்டினார். பன்னிரண்டு மாடி உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, காலுக்கடியிலும் கண்ணாடி. கப்பல், கண்டெய்னர், ஓடுகிற ஆட்கள் என்று எல்லாவற்றையும் உச்சந்தலைக்கு மேலிருந்தே பார்த்துப் பழகியவர். சேர்ந்த இரண்டாம் மாதம் பக்கத்து க்ரேன்காரன் பாரத்தைத் தொங்க விட்டுவிட்டு, போன் பேச எழுந்தான். பிரேக் நழுவி, இருபது டன் பெட்டி கீழே நின்ற ஆள்மேல் இறங்கியது. பெட்டியைத் தூக்கியபோது அங்கே ஆள் என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை, செருப்பு மட்டும் ஜோடியாகக் கிடந்தது. அதை மேலிருந்து பார்த்த அம்புரோசுக்கு அன்றைக்கே ஒரு பாடம் எலும்பில் ஏறிவிட்டது. தொங்குகிற பாரத்தை விட்டுவிட்டு எழுந்திருக்கக் கூடாது. தீப்பிடித்தாலும் முதலில் பாரத்தை இறக்கு, அப்புறம் நீ இறங்கு. இருபத்திரண்டு வருஷம் அவர் அதைத் தவறவிட்டதில்லை.

பிறகு சர்க்கரை வந்தது. கண் பரிசோதனையில் தேறவில்லை. கம்பெனிக்காரர்கள் கூண்டிலிருந்து இறக்கி, யார்டு கேட்டில் கண்டெய்னர் நம்பர் குறிக்கிற வேலையில் போட்டார்கள். சம்பளத்தில் பெரிய குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனுஷன் நொந்துபோனார். "கீய நின்னா இன்னா தெரியுது எல்சி? எல்லாம் முதுகுதான் தெரியுது" என்று ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடி சொன்னார். அவள் ரசத்தை ஊற்றினாள்.

டிரோன் வாங்கலாமே என்று யாரோ யோசனை சொன்னார்கள். நம் ஆள் சட்டப் புள்ளி ஆயிற்றே, முதலில் டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் வரைபடத்தைத் திறந்து பார்த்தார். துறைமுகத்தைச் சுற்றிச் சிவப்பாக இருந்தது, பறக்கத் தடை. சிவப்பு என்றால் சிவப்புதான் என்று அந்த ஆசையை மூடிவைத்தார். அடுத்து அவருக்கு ஞாபகம் வந்தது காத்தாடி. ராயபுரத்தில் பிறந்தவனுக்குக் காத்தாடி சொல்லித் தரவேண்டியதில்லை. கண்ணாடித் தூளும் வஜ்ஜிரப் பசையும் பூசிய மாஞ்சா நூலில் டீல் விட்டு, அடுத்தவன் காத்தாடியை அறுத்துக் கைதட்டி வளர்ந்தவர்தான் அவரும். விரல் அறுபடாமல் இருக்க ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொள்வது அந்தக் காலத்திலேயே உண்டு. இன்று மாஞ்சாவுக்குத் தடை. அறுந்து தொங்கிய நூல் பைக்கில் போன எத்தனை பேர் கழுத்தைப் பதம் பார்த்திருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஆகவே அம்புரோஸ் மீன்வலைச் சாமான் கடையில் வெறும் முறுக்கு நூல் வாங்கினார். கையில் உரசினால் சூடு ஏறுமே தவிர அறுக்காது. குடைத்துணியில் ஆள் உயரக் காத்தாடி தைத்து, பிளந்த மூங்கிலில் ஒரு சட்டம் செய்து, பழைய செல்போன் ஒன்றை அதில் கட்டித் தொங்கவிட்டார். ஐந்து விநாடிக்கு ஒருமுறை தானாகப் படம் எடுத்துக்கொள்ளும்படி அதில் ஏற்பாடு.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, கடலுக்கும் ரோட்டுக்கும் இடையே பாறைகளைக் கொட்டி வைத்திருக்கிறார்களே, அங்கேதான் ஞாயிறு பூசை முடிந்து போய் நிற்பார். முதல் மாதமே ரோந்து போலீஸ்காரர் வந்து விசாரித்தார். டிரோனுக்குப் பர்மிஷன் வேண்டும், காத்தாடிக்கு வேண்டுமா என்று அவருக்கே தெரியவில்லை. அம்புரோஸ் சட்டைப் பையிலிருந்து ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்தார். பொது இடத்தில் நின்று யாரும் படம் எடுக்கலாம், தடை செய்த இடங்களை எடுக்கக் கூடாது, அடுத்தவர் அந்தரங்கத்தை எடுத்தால் குற்றம் என்று அடிக்கோடு போட்டு வைத்திருந்தார். போலீஸ்காரர் வெயிலில் அதைப் படிக்கச் சோம்பல்பட்டுப் போய்விட்டார்.

பூவம்மா அப்படிப் போகிறவள் இல்லை. ரோட்டுக்கு அந்தப் பக்கம், பாறைகளுக்கு நேர் எதிரே அவளுடைய ஒற்றை மாடி வீடு. மீன் விற்கிற பொம்பளை, புருஷன் இல்லை. ஒருநாள் காத்தாடி அவள் மாடிக்கு மேல் போய்விட்டது. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தாள்.

"யோவ், அதுல கேமராவாமே. என் மாடி மேல உனுக்கு இன்னா வேல?"

"கடலத்தாம்மா புடிக்கிறேன். பொது எடத்துல நின்னு புடிக்கலாம்னு சட்டமே கீது."

"நீ நிக்கிறது பொது எடம். உன் காத்தாடி எங்க நிக்குது? மாடியில நான் குளிக்கிறேன், பொடவ மாத்துறேன். கடலு எல்லாருக்கும் பொதுவு. மாடி என்னுது."

அம்புரோஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவர் தாளில் மூன்றாவது அடிக்கோடு அதுதான். அவள் எதிரிலேயே படங்களை அழித்தார். மாதாமேல் சத்தியம் செய்தார். காலையில் கரைக்காற்று அடிக்கும்வரை காத்தாடி கடலுக்கு மேல்தான் நிற்கும். பத்தரை பதினொன்றுக்குக் கடல்காற்று திரும்பினால் அது வீடுகள் பக்கம் வந்துவிடும். அதனால் இனிமேல் பத்து மணிக்கே இறக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தார்.

அவளுடைய மகன் வேலப்பன் பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். ஐஸ் ஃபேக்டரியில் பாளம் தூக்குகிறவன், இருபத்தாறு வயது, தோள் இரண்டும் பலகைபோல இருக்கும். "அண்ணாத்த, ஒருநாள் உன் காத்தாடிய டீல் போட்டுத் தூக்கறேன் பாரு. கேமராவோட எனக்கு" என்றான். அறுத்தவனுக்கே காத்தாடி என்பது வடசென்னைப் பிள்ளைகளின் பழைய நியாயம். விளையாட்டுப் பேச்சு என்று அம்புரோஸ் விட்டுவிட்டார்.

ஏழு மாதம் வாக்கைக் காப்பாற்றினார். அந்த ஆனி மாத ஞாயிறு, பத்து மணிக்கு நூலைச் சுற்ற ஆரம்பித்தபோதுதான் கப்பல் தெரிந்தது. சாதாரணக் கப்பல் அல்ல. மேல்தளத்தில் புத்தம்புது க்ரேன்கள் மூன்று, நின்ற கோலத்திலேயே கடல்மேல் வந்துகொண்டிருந்தன. நம் மனுஷனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கூண்டுகளை மேலிருந்து ஒரு படம், ஒன்றே ஒன்று. பத்து நிமிஷம் என்று நினைத்தார். முப்பத்தைந்து நிமிஷம் நின்றார்.

கப்பலையே பார்த்துக்கொண்டிருந்ததில், தன் காத்தாடிக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னச் சிவப்புக் காத்தாடி ஏறி வந்ததை அவர் கவனிக்கவில்லை. அது வேலப்பனுடையது. மாடியில் நின்று, கரைக்காற்றில் ரோட்டுக்கு மேலாக மாஞ்சா நூலை விட்டு, டீல் போட வந்திருந்தான். அப்போது காற்று நின்றது. கரைக்காற்று ஓய்ந்து கடல்காற்று பிடிப்பதற்கு நடுவே ஒரு நிமிஷம் இப்படி அசையாமல் இருக்கும். சிவப்புக் காத்தாடி கடலில் விழுந்தது. அதன் நூல் மாடியிலிருந்து பாறைவரை ரோட்டுக்குக் குறுக்கே தொய்ந்து இறங்கியது. அம்புரோஸ் தன் காத்தாடி தண்ணீரில் விழாமல் இருக்க நூலை வேகமாக இழுத்தார். அதற்குள் கடல்காற்று பிடித்து, காத்தாடி அவர் தலைக்கு மேலாக வந்து ரோட்டைத் தாண்டிப் போய் நின்றது. ஐயோ, மாடி, என்று நினைத்தார். அந்த நேரத்தில்தான் எண்ணூர் பக்கமாக ஒரு பைக் போனது.

பைக்கில் வந்தவர் ரஷீது. தண்டையார்பேட்டையில் டயர் கடை வைத்திருந்தவர், முப்பத்துநாலு வயது. எண்ணூரில் அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போய்க்கொண்டிருந்தார். இதெல்லாம் அம்புரோசுக்குப் பிற்பாடு தெரிந்தவை. அப்போது தெரிந்தது, ஹெல்மெட் போட்ட ஒருவர் ஒரு கையைக் கழுத்துக்குக் கொண்டுபோனதும், பைக் இருபதடி நேராக ஓடிச் சாய்ந்ததும்தான். விழுந்தவர் எழுந்து உட்கார்ந்தார். தாடைக்குக் கீழே இன்னொரு வாய் திறந்ததுபோல இருந்தது. அதிலிருந்து ரத்தம் ஒவ்வொரு துடிப்புக்கும் எகிறி அவர் மடியில் விழுந்தது.

அம்புரோஸ் பாறைகளில் இறங்கி ஓடினார். கையில் இருந்த லொட்டாயை, அதாவது நூல் சுற்றிய உருளையை, அவர் கீழே போடவில்லை. மேலே ரோட்டின்மேல் ஒரு பாரம் தொங்குகிறது. விட்டால் யார் தலையிலாவது விழும். அதை அவர் யோசித்துச் செய்யவில்லை, இருபத்திரண்டு வருஷத்துக் கை தானாகச் செய்தது. வலது கையில் லொட்டாயை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டி போட்டார். இடது கையால் தோளில் கிடந்த துண்டைச் சுருட்டி அந்தக் கழுத்தில் வைத்து அமுக்கினார். ரத்தம் சூடாக விரல்களுக்கு நடுவே வந்தது. அமுக்க அமுக்கக் குறைந்தது.

"கண்ண மூடாத நைனா. என்னியப் பாரு, என்னியே பாரு" என்றார். ரஷீது அவரையே பார்த்தார்.

டீக்கடையிலிருந்தும் வரிசையில் நின்ற டிரெய்லர்களிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்தார்கள். அவர் கையைப் பார்த்தார்கள். கையிலிருந்து நூல் மேலே போனது. மேலே இருந்தது ஒரே ஒரு காத்தாடி.

"கழுத்த அறுத்துட்டு இப்ப துண்டு வெச்சு அமுக்கினுகீறியா" என்று ஒரு குரல் கேட்டது. முதல் அடி இடது காதில் விழுந்தது. உள்ளே ஏதோ கிழிந்து, அதற்கப்புறம் அந்தப் பக்கம் ஒரே இரைச்சல்.

"நூலத் தொட்டுப் பாருங்கப்பா. மாஞ்சா இல்ல, சும்மா நூலு" என்றார். ஒருவரும் தொடவில்லை. தலைமுடியைப் பிடித்து இழுத்தார்கள். இடது கை கழுத்தைவிட்டு வந்துவிட்டது. துண்டு நழுவி விழுந்தது. ரஷீதின் ரத்தம் மறுபடி எகிறியது. "அவர் கழுத்தப் புடிங்கடா, யாராவது புடிங்கடா" என்று அம்புரோஸ் கத்தினார்.  அடிக்கப் பதினைந்து பேர் வந்தார்கள். அந்தத் துண்டை எடுத்து அமுக்க ஒருவர் வரவில்லை. விலாவில் உதைத்தார்கள், ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தார்கள். பற்கள் நாக்கின்மேல் கிடந்தன. அப்போதும் லொட்டாயை மட்டும் அவர் விடவில்லை. அதைப் பார்த்தே கூட்டத்துக்கு இன்னும் வெறி ஏறியது.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு வேலப்பன் வந்தான். அவன் கையில் டிரெய்லர்காரனின் வீல் ஸ்பானர். "டேய், மாஞ்சாவா வுடுற, உயிர எடுத்துட்டியேடா" என்று எல்லோரையும்விடப் பெரிதாகக் கத்தினான். இடது கையால் அம்புரோஸின் சட்டையைப் பிடித்துத் தூக்கினான், வலது கையால் ஸ்பானரை ஓங்கினான். ஓங்கிய கையின் ஆள்காட்டி விரலில் மூன்று சுற்றுப் பிளாஸ்திரி. அம்புரோஸ் அதைப் பார்த்தார். அவர் பார்த்ததை வேலப்பனும் பார்த்துவிட்டான். ஸ்பானர் வலது முன்கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. லொட்டாய் உருண்டது, யாரோ அதைப் பாறையில் அடித்து நொறுக்கிக் கடலில் எறிந்தார்கள். காத்தாடி மெல்லச் சாய்ந்து மாடிகள் பக்கம் இறங்கி மறைந்தது. நினைவு தப்புவதற்கு முன் அம்புரோஸ் பார்த்தது, ஒரு ஷேர் ஆட்டோக்காரர் ரஷீதைத் தனியாளாகத் தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டிருந்ததை.

மத்தியானம் மூன்று மணிக்கு அவர் ஸ்டேஷன் பெஞ்சில் இருந்தார். வலது கை தொடை அளவுக்கு வீங்கியிருந்தது. எல்சி வாசலில் நின்று, முதலில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இன்ஸ்பெக்டர் அம்புரோஸின் சட்டைப் பையிலிருந்த ஜெராக்ஸ் தாளை எடுத்துப் பிரித்தார். ரத்தம் காய்ந்து தாள் அப்பளம்போல நொறுங்கியது.

"பொது இடத்துல படம் எடுக்க உரிமை உண்டு. சரி. கழுத்தறுக்கவும் உரிமை போட்டிருக்கா?"

"சார், என் நூல் வெறும் நூல். ரோட்டுல இன்னொரு நூல் இருந்துச்சி."

"உன் லொட்டாய் எங்க? கடல்ல. கழுத்துல இருந்த நூல் எங்ககிட்ட இருக்கு. மாஞ்சா. மேல இருந்தது உன் காத்தாடி ஒண்ணுதான்னு பதினஞ்சு பேரு சொல்றான்."

மேஜைமேல் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் கேட்டுவிட்டு வைத்தார். ரஷீதின் உயிர் போய்விட்டது என்றார். ஒரு கான்ஸ்டபிள் எழுந்து வந்து அம்புரோஸை அறைந்தார். கையெழுத்துப் போட ஒரு தாளை முன்னால் வைத்தார்கள். காத்தாடியும் நூலும் என்னுடையவை என்று அதில் எழுதியிருந்தது. போட்டால் ஆஸ்பத்திரி, அப்புறம் புழல் ஜெயில். வேலப்பன் பெயரைச் சொல்லலாம். ஒரு பிளாஸ்திரியை வைத்து யார் நம்புவார்கள் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, பூவம்மா உள்ளே வந்தாள்.

காலையிலேயே மீன் கூடையோடு போனவள், மத்தியானம்தான் வீடு திரும்பியிருந்தாள். கையில் கண்ணாடி விரிந்த ஒரு செல்போன். மூங்கில் சட்டம் இன்னும் அதில் ஒட்டிக்கொண்டிருந்தது.

"சார், இது என் மாடியில வுயுந்து கெடந்துச்சி. இந்த ஆளு சத்தியம் பண்ணிட்டு மறுபடி என் மாடி மேலதான் வுட்டுகீறான். தொறந்து பாருங்க. ஒரு உசுரு வேற போச்சு இவனால. இன்னிக்கு வுடக்கூடாது சார்."

இன்ஸ்பெக்டர் போனை அம்புரோஸிடம் நீட்டினார். "திற."

அம்புரோசுக்கு அதில் என்ன இருக்கும் என்று தெரியும். காற்று திரும்பிய அந்த நிமிஷத்தில் காத்தாடி எங்கே நின்றது என்று தெரியும். ஐந்து விநாடிக்கு ஒரு படம். திறந்தால் அவர் தப்பிப்பார். திறக்காவிட்டால் அவர் ஜெயிலில், எல்சி தெருவில். எதிரே அந்தப் பொம்பளை நிற்கிறாள்.

"யம்மா, நீ கொஞ்சம் வெளிய போம்மா" என்றார். பல் இல்லாத வாயில் சொல் சரியாக வரவில்லை.

"நான் ஏன் போவணும்? என் மாடிய நான் பாக்கக் கூடாதா?"

"சொல்றேன்ல. போம்மா."

"பாத்தீங்களா சார், தப்பு பண்ணவன் பேச்சு."

அவர் இடது கைக் கட்டைவிரலால் போனைத் திறந்தார். இன்ஸ்பெக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கடல். கப்பல். கப்பல்மேல் மூன்று க்ரேன்கள். அப்புறம் பாறை, ரோடு, வீடுகள். பூவம்மா குனிந்து விரலை வைத்துக் காட்டினாள்.

"இதான் சார். என் தண்ணி டிரம்மு, என் மஞ்சப் பொடவ, நான் காய வெச்ச கருவாடு. நூறு தடவ கேட்டாலும் என் மாடிதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லும்மா. உன் மாடிதானே?"

"சத்தியமா என் மாடிதான் சார்."

இன்ஸ்பெக்டர் அடுத்த படத்துக்குத் தள்ளினார். மஞ்சள் புடவைக்குப் பக்கத்தில் ஒருவன் லொட்டாயோடு நின்றுகொண்டிருந்தான். தலைக்கு மேல் வந்துவிட்ட காத்தாடியை அண்ணாந்து பார்த்துச் சிரித்துக்கொண்டே நூலை இழுத்துக்கொண்டிருந்தான். ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி. அவன் கையிலிருந்து ஒரு கோடு வெயிலில் மின்னிக்கொண்டு ரோட்டுக்குக் குறுக்கே போனது. ரோட்டில் ஒரு பைக் அதை நெருங்கிக்கொண்டிருந்தது.

"இது யாரும்மா?"

பூவம்மா விரலை எடுக்கவில்லை.  பிறகு அம்புரோஸ் பக்கம் திரும்பினாள். அவருடைய வாயையும், வீங்கிய கையையும் அப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேனே அண்ணாத்த, மாடியப் புடிக்காதன்னு" என்றாள்.

"உன்னத்தாம்மா கேக்கறேன். யாரு இவன்?"

"எம் புள்ள சார்" என்றாள்.